லேசான பாட்டு

“முதல் பாட்டு லேசா இருக்கணும்மா. எடுத்த எடுப்புலயே மலை ஏறினா மூச்சு வாங்கும்” என்றான் கிட்டார் மாஸ்டர்.

தையற்காரி மடியிலிருந்த பேஸ் கிட்டாரை நகர்த்தி வைத்தாள். என்ன கனம்! இதைத் தோளில் மாட்டிக்கொண்டு கணவர் எப்படித்தான் கச்சேரி முடியும்வரை நின்றாரோ. அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பீரோவுக்குப் பின்னால் கிடந்த கிட்டாரைப் போன மாதம்தான் வெளியே எடுத்தாள்.

மாஸ்டர் காலியான கிட்டார் பையை ஓரமாக நகர்த்தப் போய், கையைத் தட்டிக்கொண்டான். “இந்தப் பைய துவைச்சதே இல்லையா? அடியெல்லாம் மண்ணா அப்பிக் கிடக்கு.”

“அவர் துவைக்க விட்டாத்தானே தம்பி? எத்தனையோ தடவை கேட்டேன். அது அப்படியே கிடக்கட்டும்னுட்டார். ஊரார் துணியெல்லாம் என் கையில பளிச்சுனு இருக்கும். என் வீட்டுப் பை மட்டும் இந்த லட்சணம்.”

மாஸ்டர் சிரித்தபடி கம்ப்யூட்டரில் ஒரு பாட்டை ஓடவிட்டான். “இதைக் கேளுங்க. தாலாட்டு மாதிரி மெதுவாப் போகும். ஒரே தந்தி, ரெண்டே சுரம்.”

“தாலாட்டு வேண்டாம்” என்றாள் வெடுக்கென்று.

“சரி, இது? நடந்து போற மாதிரி டும் டும்னு போட்டுக்கிட்டே இருந்தாப் போதும். விரல் தப்பினாலும் யாருக்கும் தெரியாது.”

“பேஸ் வாசிச்சாலே யாருக்கும் தெரியறதில்லையே!”

சொன்ன பிறகுதான் அது பழைய கேலி என்று அவளுக்கு உறைத்தது. கல்யாணமான புதிதில் மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கச்சேரி முடிந்ததும், “எல்லாம் கேட்டுச்சு, நீங்க வாசிச்சதுதான் கேக்கல” என்று சீண்டுவாள். “நான் நிறுத்தினாத்தான் உனக்குத் தெரியும்” என்பார் அவர்.

அவள் தன் ஃபோனை எடுத்துப் பாட்டை ஓடவிட்டாள். “எனக்கு இதுதான் வேணும்.”

“அட, இதா? என் சின்ன வயசுல டீக்கடைக்கு டீக்கடை ஓடின பாட்டாச்சே! உங்க வீட்டுக்காரரா இதுல வாசிச்சது?”

“ஆமா. கேசட் அட்டையில பேரு போட்டிருக்கு.”

“வேகமான பாட்டும்மா. இப்ப வேண்டாமே. விரல் பழகட்டும்.”

“இதுக்கப்புறம் எனக்கு எந்தப் பாட்டும் வேண்டாம், கிட்டாரும் வேண்டாம். இதை மட்டும் ஒரு தடவை வாசிச்சுப் பார்க்கணும். அவ்வளவுதான்.”

“அப்படி என்னம்மா இந்தப் பாட்டுல?”

“அதைத்தான் தம்பி நானும் தெரிஞ்சுக்கணும்.” அவள் ஃபோனை நிறுத்தினாள். “எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. மூணு வயசு. ஜுரத்துல போயிட்டா. காலையில இவர் வெறுங்கையோட போய் அவளை அடக்கம் பண்ணிட்டு வந்தார். மத்தியானம் கிட்டாரை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். அன்னைக்குத்தான் இந்தப் பாட்டுக்கு ரெக்கார்டிங்.”

மாஸ்டர் கம்ப்யூட்டரை விட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

“வெளியில ஒரே மழை. நான் சுருண்டு கிடக்கிறேன். எங்க போறீங்கன்னு கேக்கல. கேக்கணுமா? எனக்குத் தெரியாதா? அதுக்கப்புறம் அவர் வாசிக்கிற இடத்துக்கு நான் போனதே இல்ல. சோறு போட்டேன், துணி துவைச்சேன். அன்னைக்கு நடந்ததை அவர் பேச வாயெடுத்தாலே எழுந்து போய் மிஷின்ல உட்கார்ந்துடுவேன். கடகடன்னு ஓட்டுற சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது. கடைசிவரைக்கும் அவரைப் பேசவே விடல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பெத்த பொண்ணைவிட இதுல அவருக்கு என்னதான் பெருசா இருந்துச்சு? என் விரலால தொட்டுப் பார்த்துட்டாவது நான் அவரை மன்னிக்கணும். இல்ல, ஒரேயடியா வெறுத்துத் தொலைக்கணும். நடுவுல கிடந்து சாக முடியல தம்பி.”

மாஸ்டர் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தான். “ஃபோன்ல கீழ் சத்தமெல்லாம் அமுங்கிடும்மா. பேஸ் சரியாக் கேக்காது. இருங்க, சுரத்தைக் கண்டுபிடிச்சு எழுதித் தர்றேன்” என்று பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

பென்சில் காகிதத்தின்மேல் நின்றது. நின்றபடியே இருந்தது. பாட்டைத் திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நெற்றி சுருங்கியது.

“ரொம்பக் கஷ்டமா?” என்று பயத்தோடு கேட்டாள்.

அவன் ஹெட்போனை மெல்லக் கழற்றினான். “இதைவிட லேசான பாட்டு கிடையாதும்மா. இதுல நாம வாசிக்க ஒண்ணுமே இல்ல.”

“புரியலையே.”

“பேஸ் கிட்டாரே இல்லம்மா. கீபோர்டுக்காரர் இடது கையால கீழ் சுரத்தை அமுக்கிச் சமாளிச்சிருக்கார். பேரு முன்னாடியே முடிவாகி அட்டையில அச்சாகியிருக்கும். அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் ரெக்கார்டிங்குக்கே போகலம்மா.”

“கிட்டாரை எடுத்துக்கிட்டுத்தானே போனார்? என் கண்ணால பார்த்தேனே! பின்ன எங்க போயிருப்பார்?”

கேட்டுக்கொண்டே அவள் ஓரத்தில் கிடந்த கறுப்புப் பையைப் பார்த்தாள். பிறகு, அவர் ஒருநாளும் துவைக்க விடாத அதன் அடிப்பக்கத்தைத் தொட்டாள். கெட்டித்துப் போயிருந்த செம்மண் விரலில் உதிர்ந்தது. மகளைப் புதைத்த மேட்டைத் தவிர இந்த ஊரில் வேறெங்கும் செம்மண் கிடையாது.