சித்தாளின் ஹெல்மெட்

"இன்னைக்கும் வெறுந்தலையா? ஹெல்மெட் எங்கம்மா?"

கேட்டுக் கேட்டு மேஸ்திரிக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது. சித்தாள் தலையிலிருந்த செங்கல்லை இறக்கிவைத்தாள்.

"வீட்டுல மறந்துட்டேன் மேஸ்திரி."

"தலையை மட்டும் மறக்காம எடுத்துட்டு வந்துடுற! ஹெல்மெட்டைப் பானைக்கு மூடியா போட்டுட்டியா?"

சாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நத்தைகூட தன் ஓட்டைத் தானே சுமக்குது. நாளைக்கு அதிகாரி வர்றார். வெறுந்தலையைப் பார்த்தா கட்டடத்தையே இழுத்து மூடிடுவார். ஹெல்மெட் இல்லன்னா நீ வேலைக்கு வராதே."

அவள் அடுத்த நடைக்குப் போனாள்.

சாயங்காலம் மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. ஹெல்மெட்டைத் தானே கையோடு எடுத்து வந்துவிடலாம் என்று அவள் வீட்டுக்கு அவளோடு நடந்தார்.

அவள் கதவைத் திறந்தாள். ஒற்றை அறையில் கட்டில்கூட இல்லை. தரை முழுக்கப் பழைய சாக்கு விரித்திருந்தது. சுவரோரம் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். தலையில் மஞ்சள் ஹெல்மெட்.

"போன வருஷம் வேற சைட்டுல சாரத்துலேருந்து விழுந்தாரு. அப்போலேருந்து வலிப்பு," என்றாள். "எப்ப இழுக்கும், எங்க விழுவாருன்னு தெரியாது. நான் வேலைக்கு வந்துட்டா இவரு தலையைத் தாங்க இது ஒண்ணுதான் இருக்கு."

"அன்னைக்குப் போடச் சொன்னாங்க மேஸ்திரி," என்று புருஷன் சிரித்தான். "நான் என்ன ஆமையான்னு கேட்டேன்."

மேஸ்திரி குனிந்து, அவன் தாடைக்குக் கீழே தளர்ந்திருந்த வாரை இறுக்கிவிட்டார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நாளைக்கு அதிகாரி வந்ததும் நீ டீ வாங்கப் போயிடு. அவர் போற வரைக்கும் அந்த டீ வரக் கூடாது."