மூன்று வாசலிலும் ஒருத்தி

திண்டிவனத்துப் பள்ளி ஒன்றில் மத ஒற்றுமை பற்றிய ஓவியப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்பு வெண்ணிலாவின் படத்தருகே வந்ததும் ஓவிய ஆசிரியை அமல்ராணி அப்படியே நின்றுவிட்டாள்.

கோயில், மாதா கோயில், தர்கா மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் முந்தானையை ஏந்தி நின்றிருந்தாள்.

“பிரமாதம்டி! ஆனா மூணு பேருக்கும் ஒரே முகம், ஒரே புடவை போட்டுட்டியே. வேற வேற மதம்னு தெரிய வேணாமா? ஜல்தியா மாத்து, முதல் பரிசு உனக்குத்தான்.”

வெண்ணிலா தூரிகையைத் தொடவில்லை.

“மாத்த முடியாது மிஸ். மூணுமே எங்கம்மாதான்.”

“அம்மாவா?”

“தம்பிக்கு ரத்தப் புத்துநோய்னு சொன்னாங்க மிஸ். யாரு எந்த சாமியச் சொன்னாலும் அம்மா அங்க போயி அழுதுகினு நிப்பாங்க.”

அமல்ராணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இப்ப தம்பிக்கு எப்படிம்மா இருக்கு?”

“பொங்கலுக்கு முன்னாடியே செத்துட்டான் மிஸ்.”

அமல்ராணி எழுந்தாள். பெருமூச்சோடு அந்தப் படத்தை எடுத்து, மற்ற படங்களுக்கெல்லாம் மேலே வைத்தாள்.

“அப்ப பரிசு எனக்கா மிஸ்?” சிறுமி அவசரமாகக் கேட்டாள். “பரிசு வாங்குறவங்களோட அம்மாவையும் மேடைக்குக் கூப்புடுவாங்களாமே? அதுக்குத்தான் வரைஞ்சேன். தம்பி போனதுலேர்ந்து எங்கம்மா வாசப்படிய தாண்டவே இல்ல மிஸ்.”