அசல் நாற்காலி

“நாற்காலி திருடு போச்சுன்னுதான சொன்னீங்க முசியே? அது உங்க மடியிலதான இருக்குது?” என்றார் ஏட்டு சின்னக்கண்ணு, ரிக்‌ஷாவின் ஓரத்தில் ஒடுங்கியபடி.

“திருடுனது டிசைனை” என்றார் அல்போன்ஸ்.

எழுபத்துமூன்றாம் வருடம் பாரீசில் படிப்பை முடித்து வந்து, மேசை நாற்காலி செய்யும் கம்பெனியில் டிசைனராகச் சேர்ந்தவர்; பாரீசில் படித்ததால் ஊருக்கே ‘முசியே’. பதினோரு வருடத்தில் அவருக்குப் பேர் வாங்கித் தந்த ஒரே நாற்காலி அது. இரும்புக் குழாயை வளைத்து ஒயர் பின்னியது. டில்லியில் பரிசு.

அதையே முத்தியால்பேட்டை வெல்டிங் பட்டறைக்காரன் கொளஞ்சி அச்சு அசலாகச் செய்து விற்றுக்கொண்டிருந்தான். அல்போன்சினுடையது கோடவுனில் தூங்கியது. இந்த மாதமும் விற்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி.

பட்டறை வாசலில் ரிக்‌ஷா நின்றதும் கொளஞ்சியே வெளியே வந்தான், எதையும் மறைக்கவில்லை. “ஆமா சார், உங்களுதப் பாத்துதான் செஞ்சேன். சாய்வ மட்டும் ரெண்டு விரக்கடை மாத்துனேன்.”

“என் சாய்வுலயே கை வெச்சியா? எட்டு மாசம் உக்காந்து வரைஞ்சதுடா அது!”

“இந்த நாற்காலியிலயா உக்காந்தீங்க?” என்று கேட்டார் ஏட்டு.

“சேச்சே, வேற ஸ்டூல்ல.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுற்றி வந்தார் சின்னக்கண்ணு. “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. எது அசல்னு கோர்ட்ல கேட்டா நான் என்னா சொல்றது?”

“என் கண்ணைக் கட்டுங்க. உக்காந்தே சொல்லிடுறேன்.”

ஏட்டு தன் கைக்குட்டையால் கட்டினார். அதிலிருந்த மூக்குப்பொடிக்கு அல்போன்ஸ் இரண்டு முறை தும்மினார். கொளஞ்சி நாற்காலிகளை மாற்றி மாற்றி வைத்தான். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

முதல் நாற்காலியில் சாய்ந்ததும் அல்போன்சின் முகம் மலர்ந்தது. காலை நீட்டிக்கொண்டார். எழுந்திருக்க மனசே வரவில்லை.

இரண்டாவதில் உட்கார்ந்த வேகத்தில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார்.

“இதான் டூப்ளிகேட்! முதுகெலும்புலயே குத்துது. இதைச் செஞ்சவனை இழுத்துட்டுப் போய் உள்ள தள்ளுங்க ஏட்டய்யா!”

கொளஞ்சி வாயைப் பொத்திக்கொண்டான். சின்னக்கண்ணு நிதானமாகக் கட்டை அவிழ்த்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

“அப்ப உங்களத்தான் கூட்டிட்டுப் போவணும் முசியே.”