துண்டுக்குள் சொன்ன பதில்

சட்டை பட்டன் போடக் கஷ்டப்படுகிறீர்களா என்ற கேள்விக்கும் முனிரத்தினம் பூஜ்யம் என்றார்.

வாயால் அல்ல. பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் முப்பது வருடத் தரகு. விலையை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை; துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம். இப்போது நடுக்குவாதம் குரலையும் தின்றுவிட்டதால், திருப்பதி ஆஸ்பத்திரியிலும் மனைவி செல்லியம்மாவின் கையைத் துண்டுக்குள் இழுத்து, விரலைப் பிடித்தே பதில் சொன்னார். ஒரு விரல் என்றால் எப்போதாவது. நாலும் என்றால் எப்போதும். உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினால் பூஜ்யம்.

தட்டு வாங்கி வாங்கி அவளுக்கு உள்ளங்கை எரிந்தது.

இந்த எண்களின் கூட்டுத்தொகை அதிகம் வருகிறவர்களுக்குத்தான் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் ஆளை அனுப்புவார்கள். இருப்பதே ஆறு இடம். கேள்வி கேட்கும் ஆஸ்பத்திரிப் பெண் தரணி ஆரம்பத்திலேயே அதைச் சொல்லியிருந்தாள். இந்த மனுஷனோ, அடுத்தவன் சரக்கை மட்டம் தட்டுவதுபோல் தன் வியாதியையே மட்டம் தட்டிக்கொண்டிருந்தார்.

செல்லியம்மா முறைத்தாள். அவர் அவள் காதோரம் குனிந்து, மிச்சமிருந்த குரலில் முனகினார்.

"பட்டன் நீதானே போட்டுக்கினு கீற. எனக்கு இன்னா கஷ்டம்?"

சாப்பிடவும் கஷ்டமில்லையாம். ஊட்டுவது அவளாயிற்றே. வெளியே போய்வர? விழுந்து தொலைப்பாரென்று கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்பவளும் அவள்தான். அதற்கும் ஒரு தட்டு.

தானே இரண்டு கூட்டிச் சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் தரகர் பெண்டாட்டி. துண்டுக்குள் வந்த எண்ணை வெளியே மாற்றிச் சொல்கிறவனை மண்டியில் செருப்பால் அடிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததை வந்தபடி ஒப்பித்தாள்.

கடைசிக் கேள்விக்குத் தரணி கொஞ்சம் தயங்கினாள். உங்களுக்கு வேண்டிய விதத்தில் மனைவியின் ஆதரவு கிடைக்காமல் போனதுண்டா?

துண்டுக்குள் ஓயாமல் உதறிக்கொண்டிருந்த கை நின்றது. ஒரு விரலைப் பிடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு நாலையும் சேர்த்து வளைத்துப் பிடித்து, விடவேயில்லை.

செல்லியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரணி டேப்லெட்டில் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.

காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் கிடைக்காத நாலு.

"பூஜ்யம்தான் பாப்பா," என்றாள் செல்லியம்மா.