சுண்ணாம்புப் பட்டை

"இத்தாப்பெரிய பட்டை எதுக்கு புள்ள? பாலத்து மேல போற திருடனுக்கெல்லாம் பளிச்சுன்னு தெரியட்டும்னா?"

அர்த்தநாரி பக்கத்தில் நின்று கேட்டதை ராமாயி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணலில் கவிழ்த்து வைத்திருந்த பரிசலின் முதுகில், நேற்றுப் பூசிய கருப்புத் தார் மேல், சுண்ணாம்பைக் குழைத்து மூன்று பட்டை இழுத்தாள். வருசா வருசம் ஆடிப்பெருக்குக்குப் போடுவதுதான். ஆனால் சாண் அகலத்துக்கு ஒருநாளும் போட்டதில்லை.

தார் பூசிய பரிசல் ஒரு பகல் முழுக்க வெயிலில் இறுக வேண்டும். அதுவரை ஆற்றில் இறக்கக் கூடாது. குமாரபாளையத்துப் பரிசல்காரனுக்குக் கை சும்மா இருக்கிற நாள் அது ஒன்றுதான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அக்கரையைத் தண்ணீரில் இருந்தே பார்த்தாயிற்று, இந்தத் தடவையாவது சைக்கிளில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுங்கள் என்று ராமாயி பிடித்த பிடியில் நின்றாள்.

அர்த்தநாரிக்கு மனசே இல்லை. விடிந்தால் ஆடிப்பெருக்கு. பேத்தி பிரவீனா கைக்குழந்தையோடு புதுச்சத்திரத்தில் இருந்து வருகிறாள். குழந்தையை நடு ஆற்றுக்குக் கூட்டிப்போய்த் தலையில் காவிரித் தண்ணீர் தெளிப்பது, துடுப்பைத் தானே பிடிப்பது என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். இந்த நேரம் பார்த்துப் பரிசலை எவனாவது தூக்கிப் போய்விட்டால்?

யாரை நம்புவது? பக்கத்துப் பரிசல்காரன் தீனதயாளன் வேறு, இந்த வருசம் துடுப்பை நான் பிடிக்கிறேன் மாமா என்று வலிய வந்து கேட்டிருந்தான். வலிய வருகிறவன் எதற்கு வருவான் என்று அர்த்தநாரிக்குத் தெரியாதா? பரிசல் மேலேயே கண் அவனுக்கு.

ரிப்பேர்க் கடை பயாஸ் ஒரு சைக்கிளைக் கொடுத்து, "பார்த்து ஓட்டுங்க பெரியவரே" என்றான். அது என்ன பேச்சு? வண்டியில் கோளாறை வைத்துக்கொண்டு இப்போதே கை கழுவுகிறான். பிரேக்கை நாலு தரம் அழுத்திப் பார்த்த பிறகுதான் ஏறினார்.

பின் கேரியரில் உட்கார்ந்த ராமாயி பாலம் ஏறினதில் இருந்து வாயை மூடவில்லை. ஓரமாப் போங்க, முன்னால பஸ் நிக்குது, இடது கைப்பக்கம் ஒடிங்க.

"சைக்கிள் மிதிக்கறது நீயா, நானா?"

அவள் வாயை மூடினாள். கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். கூட்டத்துக்காக ரோட்டில் நிறுத்தியிருந்த இரும்புத் தடுப்பில் முன் சக்கரம் நேராகப் போய் இடித்தது. ராமாயி குதித்துத் தப்பினாள். நடு ரோட்டில் இரும்பைக் கொண்டுவந்து வைத்தவனின் வம்சத்தையே வைதுவிட்டு அர்த்தநாரி சைக்கிளை நிமிர்த்தினார்.

அக்கரைக் கோயில் முன்னால் இறங்கி நின்று, கோபுரம் எப்படி இருக்குதுங்க என்று கேட்டாள். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"பொம்மையெல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்கானுங்க. இதுலயும் பாதியை அமுக்கியிருப்பானுங்க."

ராமாயி சிரிக்கவில்லை. கரும்புச்சாறு குடிக்க நின்ற இடத்தில், தூரத்து மலையைக் காட்டி உச்சியில் இருக்கிற கொடி என்ன நிறம் என்றாள். மஞ்சள் என்றார். அவள் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டாள். ஊட்டுக்குப் போலாமுங்க என்றாள். ஊர் பார்க்க அத்தனை அடம் பிடித்தவளுக்கு அதற்குள் என்ன வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று வண்டியைத் திருப்பினார். பரிசல் நினைப்பு காலையில் இருந்தே அவரை விடவில்லை.

கரைக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு மணலில் ஓடினார். நின்றார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார்.

"ராமாயி, பரிசலைக் காணோம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தார் வாசம்கூட இன்னும் போகல. இப்பத்தான் தூக்கியிருக்கான். தீனதயாளன் வேலைதான் இது. நீ போட்ட பட்டை அவனுக்கு வழி காட்டிருச்சு. பிரவீனா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

என்ன மாமா, என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே தீனதயாளன் ஓடி வந்தான். குரல் வந்த பக்கம் பாய்ந்து, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எங்கடா என்ற பரிசல்?"

அவன் திமிறவில்லை. ராமாயியைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு மெல்லக் கிட்டே வந்து, சட்டையில் இருந்து அவர் விரல்களைப் பிரித்தாள். அந்தக் கையைப் பிடித்து நாலு எட்டு முன்னால் நடத்திப்போய்க் கீழே அழுத்தி வைத்தாள். உள்ளங்கையில் வெயில் சூட்டோடு தார் பட்டது. விரலில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"வெச்ச எடத்துலயேதான் இருக்குதுங்க" என்றாள் ராமாயி. "கோபுரத்தை முழுக்கப் பச்சைத் துணி போட்டு மூடியிருக்காங்க. அந்த மலை மேல கொடியே கிடையாது. நாளைக்குத் துடுப்பை அவன் புடிக்கட்டும், நீங்க கொழந்தையை மடியில வெச்சுக்குங்க."