ஏழாம் நம்பர் சீசா

மனசுக்கும் வலிக்கும் என்ன உறவு என்று ஆராய்கிற ஓர் அறையில் இரண்டு மாத்திரை சீசாக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் மேல் ஆறு, மற்றதன் மேல் ஏழு என்று மட்டும் எழுதியிருந்தது. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் சர்க்கரை. எதில் எது என்பது சீசாக்களுக்கும் தெரியாது, மாத்திரை கொடுக்கிற நர்சுக்கும் தெரியாது. அந்த விவரம் ஒட்டிய உறைக்குள் கிடந்தது.

ஏழாம் சீசாவின் மாத்திரைகள் செண்பகவடிவுக்குப் போயின. தோள்வலியால் ஒரு வருஷமாக அவளால் கையைத் தூக்க முடியவில்லை. மகள்தான் தலை பின்னிவிடுவாள்.

நாலாவது வாரம் அவள் கோணல்மாணலான சடையோடு வந்தாள்.

"நானே பின்னினேன் சிஸ்டர்!" என்று திரும்பித் திரும்பிக் காட்டினாள்.

"பார்த்தியா, மருந்து நான்தான்" என்றது ஏழு.

ஆய்வு முடிந்த அன்று காலை உறையைப் பிரித்தார்கள். மருந்து ஆறில் இருந்தது.

ஏழு கூனிக்குறுகிப் போனது. "சிரிச்சுக்கோ. சர்க்கரையை வச்சுக்கிட்டு இத்தனை நாள் பீத்தியிருக்கேன்."

ஆறு சிரிக்கவில்லை.

"என்கிட்ட மருந்து இருந்துச்சு, அது வேலை செஞ்சுது. அதுல அதிசயம் இல்ல. உன்கிட்ட ஒண்ணுமே இல்லையே, அந்தக் கையை யார் தூக்கினது?"

இரண்டும் வாசலைப் பார்த்தன. அங்கே செண்பகவடிவு இன்னும் எதுவும் அறியாமல், அவிழ்ந்த சடையை இரண்டு கையாலும் தூக்கிப் பின்னிக்கொண்டிருந்தாள்.