வரிசையில் கடைசி

போன ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியை மடித்துக்கொண்டே என் பெரிய மகள் சொன்னது இது. சொல்லி முடிக்கும்வரை ஒரே தலையணை உறைதான் அவள் கையில் இருந்தது.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் பயர்வால் என்று ஒரு பெட்டி. கம்ப்யூட்டர்களுக்கு வாசல் காவல் மாதிரி. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று அதுதான் பார்த்துக்கொள்ளும். பெட்டி ஒன்றுதான், உள்ளே பன்னிரண்டு அறைகள். அறைக்கு ஒரு வாடிக்கையாளர், அவரவருக்குத் தனிக் கட்டுப்பாடு. நகைக்கடை, கப்பல் கம்பெனி, பள்ளிக்கூடம் என்று போகும். ஓர் அறை மட்டும் இலவச ஆம்புலன்ஸ் மையத்துக்கு.

பெட்டி என்றைக்காவது படுத்துவிட்டால் திரும்ப ஏற்ற வேண்டுமே. அதற்காகத் தினமும் சாயங்காலம் அறை அறையாகப் போய் நகல் எடுத்து வைப்பார்கள். முன்பெல்லாம் கையால் எடுத்தார்களாம். என் மகள் வேலைக்குச் சேர்ந்ததும் அதற்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். ஒரு தட்டு தட்டினால் போதும். வரிசையாக எடுத்து முடித்து, 'பன்னிரண்டும் எடுத்தாச்சு' என்று சொல்லி, கடைசி நகலைத் திரையில் காட்டி நிற்கும்.

வரிசையை முடிவு செய்தவர் பிரிவின் தலைவர். லேசில் வாயைத் திறக்க மாட்டார் என்பதால் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர்.

நகைக்கடை முதலில். ஆம்புலன்ஸ் கடைசியில்.

"உயிர் விஷயம் சார். அதை முதல்ல வைக்கலாமே," என்றாள் என் மகள்.

"கடைசியிலயே இருக்கட்டும்."

"ஏன் சார்?"

"இருக்கட்டும்மா."

அதோடு பேச்சு முடிந்தது.

"இலவசம்னா கடைசிதான்டி," என்றாள் பக்கத்து மேஜைக்காரி. "அவருக்கு நெஞ்சு இருக்கிற இடத்துல கால்குலேட்டர்."

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் மட்டும் திரையை வெறித்தபடி உட்கார்ந்திருப்பார்.

"யார் யார் சீக்கிரம் போறாங்கன்னு குறிச்சு வைக்கிறாரு," என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படியிறங்குவார்கள்.

ஆனாலும் என் மகளுக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஆம்புலன்ஸைத் தூக்கி முதலிடத்தில் வைத்துவிட்டாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம், வேலை மும்முரமாக இருக்கும் முற்பகலில், பெட்டி படுத்துவிட்டது.

எல்லா மேஜையிலும் போன் அலறியது. என் மகள் எடுத்த போனில் ஆம்புலன்ஸ் மையத்துப் பெண்.

"கூப்பிடறவங்க குரல் கேக்குதுங்க. ஆனா எங்க வண்டி எது எங்க நிக்குதுன்னு திரையில ஒண்ணுமே வரலை. நான் யாரை எங்கன்னு அனுப்புவேன்?"

மாற்றுப் பெட்டியை அவசர அவசரமாக மாட்டினார்கள்.

"நகலை எடுங்கம்மா," என்றார் பூட்டு.

நகல்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். பன்னிரண்டு ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது.

எப்படி என்று அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. பெட்டிக்குள் அறைகள் வேறு வேறு என்றாலும், எல்லா அறையிலும் அந்த ஃபைலுக்கு ஒரே பெயர். அவள் புரோகிராம் அதே பெயரில் ஒரே இடத்தில் எடுத்து வைத்திருக்கிறது. இரண்டாவது வந்து முதலாவதை அழித்தது. மூன்றாவது வந்து இரண்டாவதை அழித்தது. இப்படித்தான் தினமும். மிஞ்சியது கடைசி ஒன்று.

அப்படியென்றால் முதலில் எடுத்தது?

ஆம்புலன்ஸை முதலில் வைத்ததே அவள்தானே.

உதடு தன்னால் கடவுளைக் கூப்பிட்டது.

"சார்... நான்..."

"திறங்கம்மா முதல்ல."

பள்ளிக்கூடத்துடையதாகத்தான் இருக்கும் என்று திறந்தாள். அவள் மாற்றிய பிறகு அதுதான் கடைசி.

திரையில் ஆம்புலன்ஸ் மையத்தின் பெயர் வந்தது. நம்பாமல் இன்னொரு முறை படித்தாள். அதேதான்.

பூட்டு அதை வாங்கிப் புதுப் பெட்டியில் ஏற்றினார். சற்று நேரத்தில் அதே பெண் போனில் வந்தாள். "வந்துடுச்சுங்க. வண்டியெல்லாம் தெரியுது. அனுப்பிட்டேன்."

என் மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் இதை முதல்ல மாத்தி வச்சிருந்தேன் சார்."

"தெரியும். அன்னிக்குச் சாயங்காலமே பழையபடி வச்சுட்டேன்."

ஏன் என்று கேட்பதற்குள் முதலாளியின் போன் வந்துவிட்டது. பூட்டு அங்கேயே நின்று பேசினார்.

"ஆமா சார், பதினொண்ணு போச்சு. ஒவ்வொண்ணா உக்காந்து கையால போடணும்... இல்ல சார், புரோகிராம் எழுதினவங்களைக் குறை சொல்லாதீங்க. எடுத்ததைத் திறந்து பாக்க வேண்டியவன் நான். ஒண்ணை மட்டும்தான் பாத்தேன்."

எதிர்முனையில் ஏதோ சத்தம்.

"எதைன்னா... கடைசியில திரையில நிக்குமே, அதை. நகைக்கடை நின்னா திட்டுவாங்க சார். ஆம்புலன்ஸ் நின்னா திட்டறதுக்கு ஆளே இருக்காது. அதனாலதான் அதைக் கடைசியில வச்சேன். தினமும் வரி வரியாப் படிச்சுட்டுத்தான் சார் வீட்டுக்குக் கிளம்புவேன்."

இதைச் சொல்லிவிட்டு என் மகள் தலையணை உறையை மடித்து வைத்தாள்.

பிள்ளைகளின் போட்டோவையெல்லாம் எங்காவது பத்திரமாக எடுத்து வைத்திருப்பீர்கள் இல்லையா? இன்றைக்கு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுங்கள்.